கொஞ்சமா... கொஞ்சந்தானா?

இங்கிலீஷில் மொத்தம் 26 எழுத்து. அதில் முதல் எழுத்தை 1994 நவம்பரில் ஒரு கடுதாசியில் எழுதாமல் விட்டேன். அதனால் எட்டுக் குடும்பத்துக் கிறிஸ்துமஸில் ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய் விழுந்தது. துண்டு விழுந்தது என்று சொல்ல வந்தேன்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கிளார்க். சம்பளம் 950 ரூபாய். ஆபீஸ் பெயர் வேண்டாம். முதலாளி அண்ணாச்சி ஓசியிலாவது பத்திரிகை படிக்கிறவர். ஆபீஸில் டைப்ரைட்டர் ஒன்று, ஃபேன் ஒன்று, இங்கிலீஷில் கடுதாசி எழுதத் தெரிந்தவன் ஒன்று. மூன்றுமே சமயத்தில் மக்கர் பண்ணும். பி.காம். முடித்தவன் என்பதால் மூன்றாவது ஐட்டம் நான்.

என் இங்கிலீஷின் பூர்வீகத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் மீடியம். பள்ளிக்கூடத்தில் எங்கள் இங்கிலீஷ் சார், "ஃபியூ என்றால் சில. எ ஃபியூ என்றாலும் சில. எழுதிக்கோங்கலே" என்றார்.

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"ஒரு 'எ' வித்தியாசம்."

நாற்பது பேரும் எழுதிக்கொண்டோம். பரீட்சையில் வரவில்லை. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டோம். வாழ்க்கையில் வரும் என்று அவரும் சொல்லவில்லை.

இனி தோணிக்கு வருகிறேன். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டட சாமான் என்று ஏற்றிக்கொண்டு போகிற தோணிகள். 1974 ஜூலை 11-ல் பெரிய துறைமுகம் என்று அறிவித்த பிறகு பக்கத்திலேயே மாடி மாடியாகக் கப்பல்கள் வந்து நின்றன. தோணி அதையெல்லாம் பார்த்துக் கூச்சப்படாமல் தன் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. தோணியின் தலைவர் தண்டல். நான் சொல்லும் தண்டலுக்கு அறுபது வயசிருக்கும். கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் மாலேக்காரரிடம் அவர்கள் பாஷையிலேயே வாயடிப்பார்.

மாலேக்கு 1,200 மூட்டை சிமெண்ட் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தூத்துக்குடியில் வருஷத்தில் பெய்கிற மழையே அந்த ரெண்டு மாசம்தான். அதுவும் சிமெண்ட் ஏற்றுகிற நாளாகப் பார்த்துப் பெய்யும். தார்ப்பாய் இழுத்து மூடுவதற்குள் மேலடுக்கில் நனைந்துவிட்டது. மாற்று மூட்டை வர ரெண்டு நாள் ஆகும். காற்று அதுவரை காத்திருக்காது. சரக்குக்காரர், "சரி, போகட்டும். நனைஞ்சதை என் கணக்குல வச்சுக்கிடுதேன். எழுதிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டார்.

தண்டல் ஆபீஸுக்கு வந்து, என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னார்: "தம்பி, ஏத்துறப்பவே கொஞ்சம் மூட்டை நனைஞ்சிருக்கு. கடுதாசில போட்டுருங்க. நாளைக்கு எங்க தலையில விடிஞ்சிரக் கூடாது பாருங்க."

போட்டேன். 'ஃபியூ பேக்ஸ் வேர் வெட் அட் தி டைம் ஆஃப் லோடிங்.' பன்மை என்பதால் 'வாஸ்' வராது, 'வேர்'தான் வரும் என்று யோசித்து, 'வாஸ்' அடித்ததை ரப்பரால் தேய்த்துத் திருத்தி அடித்தேன். அந்தத் திருத்தலில் எனக்குக் கிடைத்த திருப்தி இருக்கிறதே! அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் நடுவில் தண்டல் திரும்பி வந்தார். அதே இடத்தில் நின்றார்.

"தம்பி, நான் ஒங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"கொஞ்சம் மூட்டை நனைஞ்சிருக்குன்னு சொன்னீங்க."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"அதைத்தானே எழுதினேன்!"

மாலேயில் சரக்கை இறக்கி எண்ணியபோது 43 மூட்டை கல்லாகியிருந்தது. சரக்கு வாங்கியவர் என் கடுதாசியை எடுத்துக் காட்டியிருக்கிறார். 'உங்கள் ஆபீஸே எழுதியிருக்கிறது, ஏற்றும்போது நனைந்தது ஒன்றுமே இல்லை என்கிற மாதிரிதான் என்று. அப்படியானால் இந்த 43-ம் நடுக்கடலில்தான் நனைந்திருக்க வேண்டும். தோணிதான் பொறுப்பு.' மூட்டைக்கு 120 ரூபாய் வீதம் 5,160 ரூபாயை வாடகையில் பிடித்துக்கொண்டார். தோணி முதலாளி அதைத் தண்டல் உள்பட எட்டு ஆட்களின் கூலியில் பிடித்துக்கொண்டார். தலைக்கு 645 ரூபாய். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள்கூட இல்லை.

தண்டல் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தேவலை. மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னார்:

"நான் 'கொஞ்சம்'னு சொன்னேன். நீங்க 'கொஞ்சந்தான்'னு எழுதிட்டீங்க போலிருக்கே தம்பி."

பதினைந்து வருஷம் இங்கிலீஷ் படித்தவன் நான். ஏ, பி, சி, டி தெரியாத மனுஷன் 'ஃபியூ'வுக்கும் 'எ ஃபியூ'வுக்கும் வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தாவிடம் ரென் அண்ட் மார்ட்டின் இரவல் வாங்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. 'எ ஃபியூ' என்றால் இருக்கிறது என்று பேச்சு, கொஞ்சமாவது இருக்கிறது. 'எ'யைத் தூக்கிவிட்டால் இல்லை என்று பேச்சு, இருப்பதே கொஞ்சந்தான். எண்ண முடியாத சமாசாரத்துக்கு 'லிட்டில்', 'எ லிட்டில்' - அங்கேயும் இதே கூத்து. 'பாட்டிலில் எ லிட்டில் எண்ணெய் இருக்கிறது' என்றால் அப்பளம் பொரிக்கலாம். 'லிட்டில் எண்ணெய்' என்றால் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டும். எண்ணெய் என்னவோ ஒரே அளவுதான். சொல்கிறவன் பாட்டிலைப் பார்க்கிற பார்வைதான் வேறே.

இதை எங்கள் சார் தமிழிலேயே சொல்லியிருக்கலாம். 'சிலர் வந்தார்கள்', 'சிலரே வந்தார்கள்.' ஒரு ஏகாரம்! இங்கிலீஷ்காரன் முன்னால் ஒரு 'எ' போட்டுச் செய்கிற வேலையை நாம் பின்னால் ஒரு 'ஏ' போட்டு நேர் தலைகீழாகச் செய்கிறோம். அவனுக்கு 'எ' போட்டால் இருக்கிறது. நமக்கு 'ஏ' போட்டால் இல்லை. பேச்சில் அந்த ஏகாரத்துக்குப் பதில் 'தான்'.

புஸ்தகத்தில் மூன்றாவதாக 'தி ஃபியூ', 'தி லிட்டில்' என்று ஒரு ஜோடி இருந்தது. அதிகம் இல்லை, ஆனால் இருந்தது மொத்தமும் என்று அர்த்தம். 'தி லிட்டில் மணி ஐ ஹாட்' போச்சு என்றால்? 'கையில் இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சு!' எத்தனை தடவை நம் வீடுகளில் கேட்டிருக்கிறோம். அந்தக் 'கொஞ்சநஞ்சம்'தான் 'தி லிட்டில்.' எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது பாருங்கள்.

'கொய்ட் எ ஃபியூ' என்று இன்னொன்று இருக்கிறது. அதில் நான் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து எழுந்திருந்தேன். ஒரு பாங்க்கிலிருந்து எங்கள் பேப்பர்களைத் திருப்பி அனுப்பி, 'கொய்ட் எ ஃபியூ மிஸ்டேக்ஸ்' என்று எழுதியிருந்தார்கள். முதலாளி அண்ணாச்சியிடம், "ஒன்றிரண்டு தப்புத்தான் அண்ணாச்சி" என்று சொல்லி, பாராட்டுக்காக அங்கேயே நின்றேன். அதற்கு உண்மையில் நிறையத் தப்பு என்று அர்த்தம். தமிழில் சொன்னால், 'தப்பு கொஞ்சமா நஞ்சமா!'

ஆக, நம் ஒரே ஒரு கொஞ்சத்துக்குள் மொத்தக் குடும்பமும் குடியிருக்கிறது. கொஞ்சம், கொஞ்சந்தான், கொஞ்சநஞ்சம், கொஞ்சமா நஞ்சமா. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு எதிரே அவன் நாலையும் எழுதியிருந்தால் அந்த நாற்பது பேரில் ஒருத்தனாவது பிழைத்திருப்பான். 'மெனி', 'மச்'சும் அப்படித்தான். எத்தனை என்று கேட்டால் 'மெனி', எவ்வளவு என்று கேட்டால் 'மச்.' எத்தனை மூட்டை, எவ்வளவு உப்பு. உப்பளத்து ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் இலக்கணம் எதற்கு?

மறுநாள் காலையில் நேரே டாலி அண்ணாச்சியிடம் போனேன். டாலி என்றால் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எடுப்பது. நாலு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே அடிப்பார். அது ஒரு கட்டு. விஷயத்தைச் சொன்னதும் பழைய டாலி நோட்டைத் தேடி எடுத்தார். நனைந்த மூட்டைக்கென்று தனியாக ஓரத்தில் போட்டிருந்தார். எட்டுக் கட்டு, ஒரு கோடு. நாற்பத்தொன்று.

"நம்பர் இங்கேயே இருந்துச்சேடே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்கத் தோன்றவில்லை. இங்கிலீஷில் எழுதுகிற சந்தோஷத்தில் நம்பர் எதற்கு?

டாலி அண்ணாச்சி நோட்டை மூடாமல் பேச ஆரம்பித்தார். அவர் பேச ஆரம்பித்தால் சாமானியத்தில் நிறுத்தமாட்டார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எனக்குத் தேவையாக இருந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. 1955-லிருந்து 1961 வரை. அதற்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் நம் கரையில் அந்தத் திருவிழா நடக்கவே இல்லை. (1973-ல் இதே தூத்துக்குடியில் கடல் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக்காட்டினார்கள். அது வேறே கதை.)

சிப்பியைப் பங்கு போடுகிற பழைய முறையை அவர் தரையில் சாக்குக் கட்டியால் வரைந்து காட்டினார். படகு கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று குவியலாகக் கொட்டுவார்கள். ரெண்டு குவியல் சர்க்காருக்கு. ஒன்று குளித்தவனுக்கு. 'கணிசமான பங்கு', 'நியாயமான அளவு' என்கிற வார்த்தையே அங்கே கிடையாது. சர்க்காரின் சிப்பி ஆயிரம் இவ்வளவு என்று ஏலம் போகும். உள்ளே முத்து இருக்கிறதா, சில இருக்கிறதா, பல இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆயிரம் என்கிற எண் மட்டும்தான் நிச்சயம். மற்றதெல்லாம் வாங்கினவன் தலையெழுத்து.

முத்து வெளியே வந்த பிறகும் வியாபாரிகள் 'சின்னது', 'பெரிசு' என்று பேசி நேரத்தை வீணாக்கவில்லை. பத்துப் பித்தளைச் சல்லடை வைத்திருந்தார்கள். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. சல்லடைக்கு அதுதான் பெயர். அதில் அத்தனை ஓட்டை. இருபதில் தங்கினால் பெரிய முத்து. ஆயிரத்தில் தங்குவது பொடி. பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அனதாரி, குறுவல், பிசல் என்று தரம் பிரிப்பார்கள். கடைசியில் தூள். எனக்குத் தோன்றுவது இதுதான்: எங்கே பணம் கை மாறுகிறதோ அங்கே 'சில', 'பல' என்கிற வார்த்தைகளை நம்பாமல் மனுஷன் ஓட்டை போட்டு வைத்துவிடுகிறான்.

திருத்தக் கடுதாசியை எழுதி முதலாளி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். 'முதல் கடுதாசியில் தப்பு என்னுடையது. நான் எழுத நினைத்தது எ ஃபியூ. எங்கள் டாலி நோட்டின்படி ஏற்றும்போது நனைந்தவை 41. அதன் நகல் இணைத்திருக்கிறேன்.' படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம ஆபீஸ்லயே தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கவா?"

"தண்டல் கூலி போயிருக்கு அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. (இந்தக் கொஞ்சம், எ லிட்டில்.) பிறகு கையெழுத்துப் போட்டார். "தபால் செலவு ஒன் சம்பளத்துல" என்றார். அவரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

கடுதாசி போய்ப் பதில் வர ஒரு மாசம் ஆயிற்று. அந்த ஒரு மாசம் ஆபீஸில் வந்து விழுகிற ஒவ்வொரு காகிதத்தையும் பயத்தோடு படித்தேன். அளவைச் சொல்கிற வார்த்தை எங்கே இருந்தாலும் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது: நாம் வளவளவென்று பேசுகிற வார்த்தைகளுக்குத் துறைமுகத்தில் விலை கட்டி வைத்திருக்கிறார்கள்.

'எபவுட்' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய, சுமார். 'சுமார்' என்றால் எவ்வளவு? நம் ஊரில் 'சுமாரான பொண்ணு' என்பதற்கு இன்றுவரை யாரும் அளவு சொன்னதில்லை. ஆனால் பாங்க்குக் கடன் பத்திரத்தில் - லெட்டர் ஆஃப் கிரெடிட் என்பார்கள் - 'எபவுட்' வந்தால் நூற்றுக்குப் பத்து கூடலாம், பத்து குறையலாம். சர்வதேச வர்த்தக சபையின் விதியே இருக்கிறது. 'எபவுட் ஆயிரம் மூட்டை' என்றால் 900-லிருந்து 1,100 வரை சரி. 'எபவுட்' இல்லாமல் வெறும் ஆயிரம் மூட்டை என்றால் ஆயிரம்தான். 999 என்றாலும் பாங்க் ஆபீஸர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிடுவார். இதிலும் ஒரு சூட்சுமம். மூட்டைக் கணக்காக இல்லாமல் உப்பு ஆயிரம் டன் என்று எடைக் கணக்காக இருந்தால், 'எபவுட்' இல்லாவிட்டாலும் நூற்றுக்கு ஐந்து வரை கூடக் குறைய விடுவார்கள், பத்திரத்தில் உள்ள பணத்தைத் தாண்டாமல் இருந்தால். எத்தனைக்கு மன்னிப்பு இல்லை, எவ்வளவுக்கு உண்டு. அந்தக் காலத்து விதிப் புஸ்தகத்துக்கு 1994-ல் ஒரு நம்பர். 2007 ஜூலையிலிருந்து வேறே நம்பர். இந்தப் பத்தும் ஐந்தும் மட்டும் மாறவில்லை.

நம் வழக்கத்திலும் இதற்கு ஒரு வழி உண்டு. எண்ணுக்கு முன்னால் ஒரு 'ஒரு' போட்டால் போதும். 'பத்துப் பேர் வந்தார்கள்' என்றால் பத்து. 'ஒரு பத்துப் பேர்' என்றால் எட்டும் இருக்கலாம், பதினான்கும் இருக்கலாம். 'ஒரு அஞ்சு நிமிஷத்துல வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போன என் ஆபீஸ் நண்பன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்திருக்கிறான். அவன்மேல் தப்பில்லை, 'ஒரு' போட்டுத்தான் சொன்னான்.

கண்டெய்னர் காகிதங்களில் இன்னொரு அழகான வார்த்தை வரும். 'ஸெட் டு கண்டெய்ன்.' உள்ளே 500 பெட்டி இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அதாவது நீ பூட்டி ஸீல் வைத்துக் கொடுத்தாய், நான் திறந்து எண்ணவில்லை, அப்புறம் என்னிடம் கேட்காதே. கல்யாணத் தரகர்கள் இந்த வார்த்தையை அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைக்குச் சம்பளம் 'ஸெட் டு கண்டெய்ன்' ஐயாயிரம். பெண்ணுக்கு நகை 'ஸெட் டு கண்டெய்ன்' முப்பது பவுன்.

'க்ராஸ்' என்றால் 144, பன்னிரண்டு டஜன். 'க்ராஸ் வெயிட்' என்றால் சாக்கோடு சேர்ந்த எடை. எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் ரெண்டையும் குழப்பி, ஒரு பில்லில் எடையை 144-ஆல் பெருக்கி, நாலு பெட்டி தீப்பெட்டியை ஒரு கப்பல் பாரமாக்கினான். அந்த ஒருவன் நான் அல்ல. அவன் பின்னால் பாங்க் மேனேஜராகி ரிட்டயர் ஆனான்.

டன் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அந்த வார்த்தையே ஒயின் பீப்பாயிலிருந்து வந்தது. கப்பலில் எத்தனை பீப்பாய் கொள்ளும் என்று கேட்டுக் கேட்டு டன் ஆயிற்று. அதனால் பழைய கணக்கில் கப்பலின் ரிஜிஸ்டர் டன் என்பது எடையே இல்லை. நூறு கன அடி இடம். எடை டன்னிலும் மூன்று ஜாதி. நம் மெட்ரிக் டன் ஆயிரம் கிலோ. இங்கிலீஷ்காரனின் லாங் டன் 1,016 கிலோ. அமெரிக்காக்காரனின் ஷார்ட் டன் 907 கிலோ. 30,000 டன் நிலக்கரிக் கப்பல் என்று சொல்லிவிட்டு எந்த டன் என்று சொல்லாவிட்டால் லாங்குக்கும் ஷார்ட்டுக்கும் நடுவில் 32 லட்சம் கிலோவுக்கு மேல் இடிக்கும். என் 43 மூட்டை அதற்கு முன்னால் கால் தூசி. (தூசிக்கு இங்கிலீஷில் என்ன அளவு என்று தேடவில்லை.)

இங்கிலீஷ்காரனும் தன் எண்ணிலேயே குழம்பியவன்தான். 'பில்லியன்' என்றால் அவனுக்கு லட்சம் கோடி, அமெரிக்காவுக்கு நூறு கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் ஒரே வார்த்தையில் குடும்பம் நடத்தினார்கள். 1974 டிசம்பரில்தான் பிரதமர் ஹெரால்டு வில்சன், இனி எங்கள் மந்திரிகள் சொல்கிற பில்லியனும் நூறு கோடிதான் என்று இறங்கி வந்தார். நம் ஊர் பெரிய துறைமுகமான அதே வருஷம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

இதெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் சைக்கிளில் தண்டல் வீட்டைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. உள்ளே பல்ப் போடவில்லை. என்னிடம் முந்நூறு ரூபாய் இருந்தது. அந்த மாதத்தின் 'தி லிட்டில்.' நீட்டினேன்.

வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். "கடனா வச்சுக்கிடுதேன் தம்பி" என்றார். "பேரப்பிள்ளை ரெண்டு பேருக்கும் சட்டை இல்லை. பெரியாளுக எப்படியும் இருந்துக்கிடுவோம்." உள்ளே திரும்பி, காப்பி போடச் சொன்னார். காப்பி வந்தது. சர்க்கரை 'ஃபியூ'வா 'லிட்டில்'லா என்ற கேள்விக்கே இடமில்லாமல் கருப்பட்டிக் காப்பி. குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் பட்டாசுச் சத்தம்.

ஜனவரி மூன்றாவது வாரம் மாலேயிலிருந்து பதில் வந்தது. நாலே வரி. டாலி நகலைப் பார்த்தோம், 41 மூட்டையை ஒப்புக்கொள்கிறோம், அதைச் சரக்குக்காரர் கணக்கில் எழுதிக்கொள்கிறோம், 4,920 ரூபாயைத் தோணி வாடகையில் திருப்பிக் கொடுக்கிறோம். மிச்சம் 'எ கப்பிள் ஆஃப் பேக்ஸ்' தோணி பொறுப்பு. 'கப்பிள்' என்று எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. சிலபேர் அதை மூன்று நாலுக்கும் இழுப்பார்கள். அவர் சரியாக ரெண்டுக்கே எழுதியிருந்தார்.

ரெண்டு மூட்டைக்கு 240 ரூபாய் போனதைத் தண்டலிடம் சொல்லச் சங்கடமாக இருந்தது. அவர் சிரித்தார்.

"அது சரிதான் தம்பி. ரெண்டு, கடல் எடுத்தது. தொழியில தண்ணி அடிச்சுது, நான்தான் பார்த்தேன்."

மடியிலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாள் எடுத்து மேஜையில் வைத்தார். கூடவே ஒரு பொட்டலம். பிரிக்காமலே வாசனை தெரிந்தது. தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளைக் கருவும் சீனியும் முந்திரியும் போட்டு அடிக்கிற அந்த மக்ரூன். (முந்திரி என்றால் நம் பழைய கணக்கில் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. மக்ரூன்காரர்கள் அந்தக் கணக்கில் போடுவதில்லை, தாராளமாகவே போடுகிறார்கள்.)

"எதுக்கு தண்டல் இதெல்லாம்?"

"இருக்கட்டும் தம்பி. வீட்டுல அம்மாகிட்ட குடுங்க. கொஞ்சந்தான்."

சாயங்காலம் வீட்டில் பிரித்தோம். முழுசாக ஒரு கிலோ இருந்தது.